ஸ்டார்ட்அப்பை மூடும்போது வன்னியில் நாம் விடும் பிழைகள்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கிய சின்னக் கம்பனிகளில், நான் பார்த்த அளவில், முறையாக மூடப்பட்டவை குறைவு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: அலுவலக அறையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள், பேஸ்புக் பக்கத்தில் கடைசிப் பதிவு ஏதோ ஒரு வருடத்துத் தைப்பொங்கல் வாழ்த்தாக இருக்கும், தொடங்கியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், ஆனால் கம்பனி மட்டும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்திலும் வங்கியிலும் லீசிங்காரரின் கணினியிலும் உயிரோடு இருந்து வட்டியும் தண்டமும் சேர்த்துக்கொண்டிருக்கும். மூடியதாக நினைத்துக்கொண்டு விட்டுவிட்டுப் போவதுதான் முதல் பிழை. மற்றவை அநேகமாக இதிலிருந்து வருபவை.

பெரிய நகரத்தில் இப்படிச் சத்தமில்லாமல் மறைந்தால் கொஞ்சக் காலம் தப்பலாம். இங்கே முடியாது. உங்களுக்குச் சாமான் கடனுக்குத் தந்தவரை வற்றாப்பளைப் பொங்கலில் நேருக்கு நேர் சந்திப்பீர்கள். உங்களிடம் வேலை செய்த பிள்ளையின் தகப்பன் உங்கள் ஐயாவோடு ஒரே கமக்கார அமைப்பில் இருப்பார். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் ஊர் தானாகவே ஒரு கதை கட்டும், அந்தக் கதையில் நீங்கள் காசை அடித்துக்கொண்டு ஓடியவராகத்தான் இருப்பீர்கள்.

அடுத்த போகம் சரிவரும் என்ற நம்பிக்கை

விவசாயத்தைச் சுற்றித்தான் இங்கே பாதி ஸ்டார்ட்அப்கள். நெல் வாங்கி விற்பது, இயந்திரம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் செயலி, பால் சேகரிப்பு, மரக்கறியை நேரே கொழும்புக்கு அனுப்புவது. ஆகவே முடிவைத் தள்ளிப்போட எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும், மாரி மழையில் செய்யும் காலபோகம் சரிவராவிட்டால் குளத்துத் தண்ணீரில் செய்யும் சிறுபோகம் இருக்கிறது, சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் காணாவிட்டால் திரும்பவும் காலபோகம் வரும்.

வெளிக் காரணங்கள் பொய் என்று சொல்லவில்லை. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அதே வருட இறுதியில் விலக்கப்பட்டது, அதற்குள் பல கமக்காரரின் கணக்கே மாறிவிட்டது. 2022 இல் டீசல் இல்லை, ஏப்ரல் மாதத்தில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியது, வங்கி மேலதிகப் பற்றில் (ஓவர்ட்ராஃப்ட்) ஓடிய சின்னக் கம்பனிகள் மூச்சுத் திணறின. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இவை எல்லாம் நடக்க முதல் ஆட்கள் காசு கொடுத்து வாங்கினார்களா? இல்லையென்றால் உரத் தடையும் டீசல் வரிசையும் உங்கள் கம்பனியைக் கொல்லவில்லை, ஏற்கனவே இருந்த நோயை வெளியே காட்டியது மட்டும்தான்.

இதே வகையில் இன்னொன்று, திட்டக் காசு. 2009 க்குப் பிறகு வன்னிக்குள் வாழ்வாதாரத் திட்டங்கள் நிறைய வந்தன, அவை போக புத்தாக்கப் போட்டிகள், பயிற்சிப் பட்டறைகள், பரிசுத் தொகைகள். தவறே இல்லை. ஆனால் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவதே முழுநேர வேலையாகி, வாங்குபவர் யார் என்று கேட்டால் ஒரு உதவித் தாபனத்தின் பெயரைச் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டால், அங்கே வியாபாரம் இல்லை, திட்ட அலுவலகம்தான் இருக்கிறது. திட்டம் முடியும் திகதியே கம்பனி முடியும் திகதி என்று அப்போதே எழுதிவைத்துவிடலாம்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான வழி ஒன்று. கையில் காசு முடியும் நாளைக் கணக்குப் பார்க்காதீர்கள், மூடுவதற்கு எவ்வளவு காசு வேண்டும் என்று முதலில் கணக்குப் பாருங்கள்: ஊழியர்களின் கடைசிச் சம்பளம், ஊழியர் சேமலாப நிதி (EPF) பாக்கி, திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணங்கள், லீசிங் மிச்சம், கணக்காளருக்கும் கம்பனிச் செயலாளர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டியது. வங்கிக் கணக்கு அந்தத் தொகைக்குக் கிட்ட வந்ததும் முடிவெடுக்க வேண்டும். பூச்சியம் வரை ஓடிவிட்டு மூடுபவருக்கு மூடவே காசு இருக்காது, அப்போதுதான் ஆள் தொலைபேசியை நிறுத்திவைக்கிறார்.

அடகு வைக்கும் கடைசி மாதங்கள்

கம்பனி படுக்கப்போகிறது என்று உள்மனதுக்குத் தெரிந்த பிறகு அம்மாவின் காப்பும் மனைவியின் தாலிக்கொடியும் அடகுக்குப் போகும். அது போய்ச் சம்பளமாக மாறி இரண்டு மாதத்தில் கரைந்துவிடும், ஏலத்துக்கு முதல் மீட்க வேண்டுமே என்ற கவலை மட்டும் வீட்டில் மிஞ்சும். பிரைவேட் லிமிட்டெட் என்று பதிந்திருக்கிறோமே, கடன் கம்பனியோடு போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பணிப்பாளர் என்ற முறையில் நீங்கள் தனிப்பட்ட பிணையும் கையெழுத்து வைத்திருப்பீர்கள், அநேகமாக. காணியை ஈடு வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், பராட்டே என்று எல்லோரும் சொல்வது, ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிக்குக் கொடுக்கிறது.

வெளிநாட்டுச் சொந்தங்களின் காசு இன்னொரு சிக்கல். கனடாவில் இருக்கும் மாமா அனுப்பியது கடனா, பங்கா, அன்பளிப்பா? அனுப்பும்போது யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கேட்டால் மரியாதை இல்லை. மூடும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் வைத்திருப்பார்கள். ஆகவே நிறுத்தும் முடிவை அறிவிக்க முதல் அவரோடு கதைத்து, ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது தொகையையும் என்ன வகையான காசு என்பதையும் இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். கலியாண வீட்டில் வைத்து இந்தக் கதை தொடங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

பிணைக்கு நின்றவர்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இங்கே அதிகம் காயப்படுபவர் இவர்தான். வங்கிக் கடனுக்கு இரண்டு பிணையாளிகள் கேட்பது வழக்கம், அரச சம்பளக்காரராக இருந்தால் வங்கிக்கு நிம்மதி. அதனால் வன்னியில் ஒரு பெடியனின் கம்பனிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆசிரியையோ ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தரோ இருப்பார். அவருக்கு இலாபத்தில் ஒரு சதம் பங்கில்லை, கம்பனி என்ன செய்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாது, நல்ல பிள்ளை என்று கையெழுத்து வைத்தவர். தவணை நின்றால் கடிதம் அவர் வீட்டுக்குப் போகும், கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) பதிவில் அவர் பெயரும் நிற்கும், மகளின் படிப்புக்கு அவர் கடன் எடுக்கப்போகும் நாளில் வங்கி கைவிரிக்கும்.

வங்கிக் கடிதம் மூலம் அவர் இதை அறியக் கூடாது. ஊழியர்களுக்குச் சொல்ல முதலே, ஏன், பங்காளிகளோடு கதைத்த அடுத்த நாளே அவரிடம் நேரில் போங்கள். "ரீச்சர், வாற மாதத்தோட நிப்பாட்டப்போறன். உங்கட கையெழுத்து இருக்கிற கடனில இவ்வளவு மிச்சம். வங்கியோட கதைச்சு தவணையைக் குறைக்கக் கேக்கிறன், நீங்களும் ஒருக்கா வாங்கோ." இவ்வளவுதான் கதை. அவர் ஏசுவார், ஏசட்டும். பிறகு தவணை தவற முதலே இரண்டு பேருமாக வங்கிக்குப் போய் மீள்கட்டமைப்புக் கேட்டால் முகாமையாளர் காது கொடுப்பார், மூன்று தவணை விட்டுவிட்டுப் போனால் கோப்பு ஏற்கனவே வேறு மேசைக்குப் போயிருக்கும்.

லீசிங் வாகனத்துக்கும் இதேதான். பட்டா என்ற சின்ன லொறியை ஒட்டுசுட்டானில் மச்சான் வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒளித்துவைப்பதால் எதுவும் தீராது. வாகனம் நல்ல நிலையில் இருக்கும்போதே லீசிங்காரரின் சம்மதத்தோடு இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று பாருங்கள், அவருக்குத் தெரியாமல் வெறும் ஒப்பந்தத் துண்டில் கைமாற்றிவிட்டால் கடன் உங்கள் பெயரில், வாகனம் எங்கேயோ.

வேலை செய்தவர்கள்

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட்டு, அடுத்த மாதம் முடிய முதல் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். காசு இறுகும்போது முதலில் நிற்பது இதுதான், யாரும் உடனே கேட்க மாட்டார்கள் என்பதால். தாமதித்தால் சேமலாப நிதிக்கு மிகைக்கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும், கம்பனி என்று சொல்லி ஒதுங்கவும் முடியாது, பணிப்பாளர்களையே நீதிமன்றத்துக்கு அழைக்கலாம். பிடித்த 8 வீதமாவது அந்தப் பிள்ளைகளின் சொந்தக் காசு, அதில் கை வைத்துவிட்டு நிலைமை சரியில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடமென்றால் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டப்படி, நிறுவனத்தை மூடுவதாக இருந்தாலும் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி இல்லாமல் நிறுத்த முடியாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. ஆள் தொகை குறைவென்றாலும் ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்வதும் சேவைக் கடிதம் கொடுப்பதும் பெரிய செலவில்லை. அடையாள அட்டை இலக்கமும் பெயரும் சேமலாப நிதிப் பதிவில் சரியா என்று போக முதல் பார்த்துவிடுங்கள். பிழை இருந்தால் பின்னாளில் அவர்கள் முன்னாள் முதலாளியைத் தேடி அலைய நேரிடும், அவரோ அப்போது பிரான்சில் இருப்பார்.

இடையில் நிறுத்துவது, முற்பணம், காசோலை

விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவே மூடாதீர்கள். காலபோகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைத்த கமக்காரர் உங்கள் இயந்திரத்தையோ உங்கள் கொள்வனவையோ நம்பி இருந்தால், டிசம்பரில் நீங்கள் கைவிரிக்க அவருக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. அறுவடை முடிந்து கணக்குத் தீர்த்த பிறகு, அடுத்த போகத்துக்கு ஆள் தேட அவருக்கு அவகாசம் இருக்கும்போது சொல்லுங்கள். கையில் காசு அதுவரை தாங்காதென்றால், விதைக்க முதலே சொல்ல வேண்டும்.

நிறுத்தப்போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு ரூபா முற்பணமும் வாங்கக் கூடாது. இதை வாங்கிப் பழைய கடனைக் கட்டுவோம் என்று தொடங்குவது பொலிஸ் முறைப்பாட்டில் போய் முடியும். சாமான்காரருக்குக் கொடுத்துவைத்த பின்திகதியிட்ட காசோலைகளைப் பட்டியல் போட்டு, வங்கிக்குப் போக முதல் ஒவ்வொருவரிடமும் கதைத்து மாற்றி வாங்குங்கள், கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது இலங்கையில் குற்றம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும், கம்பனியால் கடனைக் கட்ட முடியாது என்று கருதும் பணிப்பாளர் உடனே பணிப்பாளர் சபைக் கூட்டத்தைக் கூட்டி, கலைப்பது பற்றிப் பேச வேண்டும் என்கிறது. சபை என்பது நீங்களும் கம்பஸ் நண்பரும் மட்டும்தான் என்றாலும் ஒரு கூட்டறிக்கை எழுதிக் கையெழுத்து வையுங்கள்.

அதே கூட்டத்தில் இணையத்தள முகவரி, பேஸ்புக் பக்கம், வியாபாரத் தொலைபேசி இலக்கம் எல்லாம் யாரிடம் என்றும் முடிவெடுங்கள். கமக்காரரின் பெயர், இலக்கம், வயல் அளவு அடங்கிய பட்டியலுக்குப் பயிர் மருந்துக் கம்பனிகள் விலை கேட்டு வரலாம். விற்காதீர்கள், அது அவர்கள் உங்களை நம்பித் தந்தது.

பதிவுகளும் அதற்குப் பிறகும்

தனி உரிமை வியாபாரமென்றால் வியாபாரப் பெயர் பதிந்த இடத்தில் நிறுத்தியதை அறிவியுங்கள், பிரதேச சபை உரிமத்தையும் நிறுத்துங்கள். கம்பனி என்றால் கடன்களைத் தீர்த்து, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு இறுதி விபரத்திரட்டு வரை கொடுத்து, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். வரிக் கோப்பை இறுதிவரை விடாதீர்கள், அதில் பாக்கி இருந்தால் மற்றவை நகராது.

பிறகு உடனே அடுத்த கம்பனி தொடங்கும் ஆசை வரும், அல்லது ஏஜென்சிக்காரருக்குக் காசு கட்டிவிட்டு வெளிநாடு போகலாம் என்ற யோசனை. இரண்டுக்கும் திரும்பக் கடன்தான் எடுப்பீர்கள், ஆகவே ஆறுதலாக. சம்பள வேலைக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்று வருடம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவரை எடுக்க இங்கேயே இடமிருக்கிறது. கடன் கட்டி முடிந்ததும் வங்கியிடம் தீர்த்த கடிதம் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைப் பிணைக்கு நின்றவர்களிடம் கொடுங்கள். உங்கள் கிரிப் அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள், கட்டிய கடன் இன்னும் நிலுவையாக நின்றால் அந்தக் கடிதத்தோடுதான் திரும்ப வங்கிக்குப் போக வேண்டியிருக்கும்.