பழைய உடையின் வயதை ஜிப் சொல்லும்

விண்டேஜ் என்று விற்கும் உடையை வாங்குமுன் ஜிப்பைப் பாருங்கள். 1960-களுக்கு முன் தைத்தவற்றில் பெரும்பாலும் உலோக ஜிப்தான். நைலான் ஜிப் பரவியது அதற்கு அப்புறம். சரி, ஜிப்பைப் பிற்பாடு மாற்றியிருந்தால்? உள்பக்க லேபிளைப் புரட்டுங்கள். துவைக்கும் முறையை லேபிளில் போட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது 1970-களின் தொடக்கத்தில். அங்கே தயாரான 'ஐம்பதுகளின் கவுனில்' அது இருந்தால் சந்தேகப்படலாம்.

வளையலும் பொத்தானும் பேக்கலைட் என்றால் இன்னும் சுவாரசியம். 1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய பிளாஸ்டிக் அது. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தால் ஃபார்மலின் நெடி அடிக்கும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் பற்றிக்கொள்ளும்.