ஸ்க்ரூ பல் எப்படி நிற்கிறது? இம்ப்ளாண்ட் பாகங்கள், புதிதாகக் கேட்பவர்களுக்கு

கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் அத்தை ஒருநாள் காலையில் போனில் அழுதார். "கண்ணு, இத்தனை காசு போட்டுக் கட்டுன பல்லு ஆடுது. எலும்போட வந்துரும்போல இருக்கு." ரெண்டு வருடம் முன்பு கீழ்க் கடைவாயில் வைத்த இம்ப்ளாண்ட் பல் அது, அதாவது போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பூட்டும் பல். நான் பொள்ளாச்சியில் பல் லேபில் கேப் செய்யும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்குத் தெரிந்த டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, இம்ப்ளாண்ட்டும் அசையவில்லை. உள்ளே இருக்கும் சின்ன ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருந்தது. இறுக்க அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்கு எங்களுக்கு இருபது நாள் ஆனது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் பாகங்களைப் பார்த்துவிடலாம்.

படி 1: மேலிருந்து கீழாகப் பிரித்துப் பாருங்கள்

கிணற்று மேட்டில் மோட்டார் பூட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட்டுக்குள் போல்ட் புதைந்திருக்கும். மோட்டாரை அதன்மேல் வைத்து நட்டு போட்டு இறுக்குவார்கள். வாயிலும் இதே கதைதான்.

எலும்புக்குள் புதைந்திருப்பது இம்ப்ளாண்ட். டைட்டானியத்தில் செய்தது, வெளிப்பக்கம் மரை, உள்ளே குழி, அந்தக் குழிக்குள்ளும் மரை. பொதுவாக 3.5 முதல் 5 மி.மீ. விட்டம், 8 முதல் 13 மி.மீ. நீளம் இருக்கும். அதன்மேல் உட்கார்ந்து ஈறைத் தாண்டி மேலே வருவது அபட்மென்ட். அபட்மென்ட்டின் நடுவில் இறங்கி இம்ப்ளாண்ட்டின் உள்மரையைப் பிடிப்பது ஸ்க்ரூ. எல்லாவற்றுக்கும் மேலே கிரௌன், நாம் கேப் என்று சொல்வது. வெளியே தெரிவது இது ஒன்றுதான்.

மோட்டார் ஆடினால் காங்கிரீட் போய்விட்டது என்று யாரும் முதலில் நினைப்பதில்லை, நட்டைத்தான் பார்ப்பார்கள். அத்தையின் பல்லில் நடந்ததும் அதுவே.

படி 2: எலும்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பெர் இங்வார் பிரோனெமார்க் 1950களில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி வைத்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். வேலை முடிந்ததும் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிப்பை நம்பித்தான் 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் இம்ப்ளாண்ட் வைத்தார்.

எனவே வைப்பதற்கு முன் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து எலும்பின் உயரமும் அகலமும் அளப்பார்கள். கீழ்த்தாடையில் ஓடும் நரம்புக்கு 2 மி.மீ.யாவது இடைவெளி விட வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகிறவர்கள் ஒன்று கவனியுங்கள்: டாக்டர் மலையாளத்தில் "எல்லு குறவாணு" என்றால் எலும்பு போதவில்லை என்று பொருள், "மோண" என்றால் ஈறு. சர்க்கரை, பீடி சிகரெட் பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள். ஆறுவதும் ஆறாததும் இவற்றில்தான் இருக்கிறது.

படி 3: வைத்து, காத்திருங்கள்

மரத்துப்போக ஊசி போட்டு, உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே எலும்பில் துளை போடுவார்கள். நீர் எதற்கென்றால், 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு கெடத் தொடங்கும். பிறகு இம்ப்ளாண்ட்டைத் திருகி இறக்கி மூடி போடுவார்கள். கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம், மேல்தாடை எலும்பு மென்மை என்பதால் 4 முதல் 6 மாதம் வரை காத்திருப்பது வழக்கம். சிலருக்கு உடனே தற்காலிகப் பல்லும் வைக்கலாம், அது டாக்டர் எலும்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

படி 4: இணைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிதான் பலருக்கும் யாரும் சொல்லித்தராதது. இம்ப்ளாண்ட்டும் அபட்மென்ட்டும் சந்திக்கும் இடம் மூன்று விதமாக வரும்.

பழைய முறையில் இம்ப்ளாண்ட்டின் தலையில் நட்டு மாதிரி ஒரு அறுகோண மேடு நீட்டிக்கொண்டிருக்கும், அபட்மென்ட் அதைக் கவிழ்ந்து மூடும். மேட்டின் உயரம் 0.7 மி.மீ. மட்டுமே. பக்கவாட்டில் மெல்லும் அழுத்தம் வந்தால் பாரம் முழுக்க ஸ்க்ரூ மேல் விழும். இரண்டாவதில் அறுகோணம் உள்ளே குழியாக இருக்கும். அபட்மென்ட்டின் கால் ஆழமாக இறங்குவதால் ஆட்டம் குறைவு. மூன்றாவது கூம்பு. கோவை லேத் பட்டறைக்காரர்கள் மோர்ஸ் டேப்பர் என்பார்களே, அதேதான். கூம்புக்குள் கூம்பு இறங்கி உராய்விலேயே கவ்விக்கொள்ளும். கடைவாய்க்கு நான் விரும்புவது இதைத்தான்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரு கம்பெனியின் அபட்மென்ட்டும் ஸ்க்ரூவும் இன்னொரு கம்பெனி இம்ப்ளாண்ட்டில் பொதுவாகச் சேராது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், மரையின் அளவோ கூம்பின் சாய்வோ இம்மி மாறியிருக்கும். ஸ்க்ரூ தலையில் ஒன்றுக்கு அறுகோணக் குழி, மற்றொன்றுக்கு நட்சத்திரக் குழி. அதற்கேற்ற ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் திருகினால் குழி வழுக்கிப் பாழாகும்.

படி 5: ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கிறது

இறுக்கும்போது ஸ்க்ரூ மிக மிகக் கொஞ்சமாக நீளும். நீண்டது ஸ்பிரிங் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் அபட்மென்ட்டை இம்ப்ளாண்ட்டோடு சேர்த்து அமுக்கி வைக்கிறது. குறைவாக இறுக்கினால் தளரும், அதிகமானால் ஸ்க்ரூ முறியும். அதனால் அளவு காட்டும் டார்க் ரென்ச் வேண்டும். பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர், கம்பெனி சொல்லும் கணக்குப்படி. 30 என்றால் எவ்வளவு? 10 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் 300 கிராம் எடையைத் தொங்கவிட்டது போல. ஒருமுறை இறுக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி இறுக்குவது நல்லது, உரசும் முகப்புகள் படிந்ததும் இழுப்பு சற்றுக் குறையும்.

படி 6: கேப்

கேப்பை அபட்மென்ட்டில் சிமென்ட் வைத்து ஒட்டலாம், இல்லை ஸ்க்ரூவிலேயே பூட்டலாம். சிமென்ட் ஈறுக்கடியில் வழிந்து தங்கினால் சீழ் வைக்கும். ஸ்க்ரூ போட்டால் மேலே சிறு துளை இருக்கும், பல் நிறத்தில் அடைத்துவிடுவார்கள். பழுது வந்தால் கேப்பை உடைக்காமல் கழற்றலாம் என்பதால் முடிந்த இடத்தில் ஸ்க்ரூவையே கேளுங்கள். முன்பல்லில் துளை முகப்பில் வந்துவிட்டால் அது சரிப்படாது.

கடிமட்டமும் முக்கியம். சொந்தப் பல்லைச் சுற்றி மெத்தைபோல நார் இருக்கிறது, அழுத்தினால் கொஞ்சம் கொடுக்கும். இம்ப்ளாண்ட்டுக்கு அது இல்லை. கேப் சற்று உயரமாக இருந்தாலும் பாரம் நேராக ஸ்க்ரூவுக்குப் போகும். இரவில் பல் கடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

படி 7: அட்டையை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்

இம்ப்ளாண்ட் டப்பாவோடு ஸ்டிக்கர் வரும். கம்பெனி பெயர், மாடல், விட்டம், நீளம், லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) அதில் இருக்கும். ஒன்றை டாக்டர் தன் பதிவேட்டில் ஒட்டிக்கொள்ள, இன்னொன்று உங்கள் அட்டையில் ஒட்டப்பட வேண்டும்.

அத்தைக்கு அப்படி எதுவும் தரவில்லை. வைத்த கிளினிக்கும் மூடிவிட்டது. எக்ஸ்ரேயில் தெரிந்த வடிவத்தை வைத்து ஒவ்வொரு கம்பெனியாக ஒப்பிட்டு, அதற்கான ஸ்க்ரூ டிரைவரை வரவழைத்து முடிப்பதற்குள் இருபது நாள். அத்தனை நாளும் அவர் கஞ்சியும் ரசம் சாதமும்தான். எல்லையில் இருக்கும் வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் வைத்த பல்லை இந்தப் பக்கம் பார்ப்பதும், இங்கே வைத்ததை அங்கே பார்ப்பதும் நம் ஊர்களில் சகஜம். அட்டையைப் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.

பல் ஆடினால் அந்தப் பக்கம் மெல்லாமல் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். தளர்ந்த ஸ்க்ரூவோடு மென்றுகொண்டே இருந்தால் அது உள்ளேயே முறியும், முறிந்த துண்டை எடுப்பது பெரிய வேலை. கேப் கையோடு வந்துவிட்டால் கடையில் விற்கும் பசையால் ஒட்டாதீர்கள். கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அட்டையோடு எடுத்துப்போங்கள்.