தட்டணு குறைவு என்று எழுதுவதற்கு முன்: இரத்தம் எடுப்பதிலிருந்து பை ஏற்றுவது வரை நடக்கும் தவறுகள்

பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். கண்புரை அறுவைக்கு முன்னால் எடுத்த இரத்தப் பரிசோதனையில் தட்டணு (பிளேட்லெட்) 42,000 என்று வந்திருந்தது. ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம் வரை இருக்க வேண்டிய எண் அது. வீட்டில் எல்லோரும் கலங்கிப் போய், மறுநாள் காலையில் மதுரைக்குப் புறப்படக் காருக்கும் சொல்லிவிட்டார்கள். மறுபடி ஒரு முறை பார்க்கலாமே என்றுதான் எங்களிடம் வந்தார்கள். எங்கள் கருவியும் ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டியது.

"ஆச்சி, பல் தேய்க்கும்போது இரத்தம் வருகிறதா? உடம்பில் சிவப்புப் புள்ளி ஏதாவது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை தம்பி. காய்ச்சல்கூட இல்லை" என்றார்.

ஸ்லைடில் ஒரு துளி இழுத்து, லீஷ்மன் சாயம் போட்டு, நுண்ணோக்கியில் இழுப்பின் ஓரத்தைப் பார்த்தேன். தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடந்தன. கருவி ஒரு கொத்தை ஒரு தட்டணுவாக எண்ணாது; அளவு பெரிது என்று ஒதுக்கிவிடும். எண்ணிக்கைக்கு இரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறையாமல் காப்பது அதுதான். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருடைய இரத்தத்தில், கால்சியம் போன நிலையில் தட்டணுக்களைப் பற்றி ஒட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள் ஒன்று இருக்கிறது. இது நோய் அல்ல. குழாய்க்குள் மட்டும் நடப்பது, உடலுக்குள் நடப்பதில்லை. ஆச்சியிடம், உறையாமல் காக்கும் வேறொரு பொருளான சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி இரத்தம் எடுத்து உடனே எண்ணினோம். 1,80,000 வந்தது. சிட்ரேட் திரவம் இரத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு நீர்க்கச் செய்வதால் 1.1 ஆல் பெருக்க வேண்டும். ஆக 1,98,000. இந்தப் பெருக்கலை மறப்பதும் அடிக்கடி நடக்கும் தவறுதான்.

முதல் ஆய்வகத்தில் யாராவது ஒரு நிமிடம் ஸ்லைடைப் பார்த்திருந்தால் அந்தக் குடும்பம் ஓர் இரவு தூங்கியிருக்கும். இந்த வேலையில் என்னை இன்றும் வருத்துவது இதுதான்.

தட்டணுவின் இயல்பைப் புரிந்துகொண்டால் மற்ற தவறுகள் தாமாகவே விளங்கும். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மிகப் பெரிய செல்களிலிருந்து உதிரும் துண்டுகள் இவை. அகலம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர், உட்கரு கிடையாது, ஆயுள் ஏறக்குறைய 8 முதல் 10 நாள். மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும். இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து அடியிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் வெளித் தெரிந்தால் ஓடும் தட்டணு அங்கே ஒட்டும். தட்டு வடிவம் மாறிக் கைகால் முளைத்ததுபோல் நீளும். உள்ளே வைத்திருக்கும் பொருள்களைக் கொட்டி மற்றவற்றையும் அழைக்கும். நம் பக்கத்தில் கண்மாய்க் கரை உடைந்தால் ஊரே மண்மூட்டையோடு ஓடிவரும் அல்லவா, அப்படித்தான். பிறகு அந்த அடைப்பின்மேல் ஃபைப்ரின் என்னும் புரத இழை வலை பின்னி இறுக்குகிறது.

ஆனால் எது காயம், எது ஊசிமுனை, எது சோதனைக் குழாய் என்று தட்டணுவுக்குப் பிரித்தறியத் தெரியாது. ஆய்வகத்தில் எண்ணிக்கை பொய்யாகக் குறைவதில் பெரும்பகுதி, தட்டணு தன் கடமையைத் தவறான இடத்தில் செய்வதால் வருகிறது.

நரம்பு கிடைக்காமல் ஊசியை உள்ளேயே திருப்பித் துழாவுவது, சிரிஞ்சில் மெல்ல மெல்ல இழுப்பது, இழுத்த இரத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்தவரிடம் பேசிக்கொண்டிருப்பது, இவை ஒவ்வொன்றும் உறைதலைத் தொடங்கிவிடும். இரத்தம் எடுக்கும்போது மேல்கையில் இறுக்கும் கைக்கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குழாயை நிரப்பியவுடன் 8 முதல் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. பலர் வரிசையில் நிற்கும்போது குழாயைத் தாங்கியில் செருகிவிட்டு, "அப்புறம் கலக்கலாம்" என்று போய்விடுவார்கள். அந்த "அப்புறம்" வரும்போது அடியில் சிறு கட்டி விழுந்திருக்கும். கட்டி இருக்கும் குழாயின் எண்ணை வெளியிடவே கூடாது. மறுபடி எடுக்க வேண்டும், நோயாளி கோபித்துக்கொண்டாலும் சரி. ஒரு குழாயில் குறைவதை இன்னொன்றிலிருந்து ஊற்றி நிரப்புவது இன்னும் மோசம். சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கே கெட்டுவிடும்.

சித்திரை வெயிலில் புதுவயல், கண்டனூர் பக்கத்துச் சேகரிப்பு நிலையங்களிலிருந்து பைக்கில் வரும் மாதிரிகளைப் பார்த்திருக்கிறேன். சிலர் வெயிலுக்குப் பயந்து ஐஸ் துண்டோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். குளிர்ச்சி, நான் சொன்ன அந்த ஒட்டுதலை அதிகமாக்கும். எண்ணிக்கைக்கு எடுத்த இரத்தம் அறை வெப்பத்தில் நிழலாக வந்து சேர்ந்தால் போதும்; சில மணி நேரத்துக்குள் எண்ணிவிட வேண்டும்.

கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது அளவை வைத்துத்தான் பிரிக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் சிறுத்துப்போன சிவப்பணுக்களையும், உடைந்த சிவப்பணுத் துண்டுகளையும் தட்டணு என்று எண்ணி உண்மையான குறைவை மறைத்துவிடும். மாறாக, பிறவியிலேயே பெரிய தட்டணு உள்ளவர்களுக்குக் குறைத்துக் காட்டும். அறிக்கையில் எச்சரிக்கைக் குறி வந்தால் ஸ்லைடு பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸில் ஒரு புலத்தில் தெரியும் ஒவ்வொரு தட்டணுவும் ஏறக்குறைய 15,000 முதல் 20,000 வரை குறிக்கும். பத்துப் புலம் எண்ணிச் சராசரி எடுத்தால் கருவி சொல்வது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

தட்டணுவின் செயல்திறனைச் சோதிக்கும் ஆய்வுகளில் பொறுப்பு இன்னும் கூடுதல். ஆஸ்பிரின் சாப்பிட்டவரா என்று கேட்காமல் எடுத்தால் உழைப்பு வீண். உட்கரு இல்லாததால், தட்டணு அந்த மருந்து கெடுத்த நொதியைத் திரும்பச் செய்துகொள்ள முடியாது, சாகும்வரை அப்படியே இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் ஆய்வகத்தில் நிற்க இடமிருக்காது. முற்றத்து அண்டாவில் பிடித்து மூடாமல் வைத்த மழைத் தண்ணீரும், பூட்டிக் கிடக்கும் வீடுகளில் தேங்கும் தண்ணீரும் டெங்கு கொசுவுக்குப் போதும். அப்போது காலையில் 90,000, மாலையில் வேறிடத்தில் 70,000 என்றால் குடும்பம் நடுங்கிவிடுகிறது. இரண்டு கருவிகளுக்கிடையே வித்தியாசம் இயல்பு. ஒரே ஆய்வகத்தில் தொடர்ந்து பாருங்கள்.

ஒரு முறை, தகப்பனாருக்காக மதுரையிலிருந்து தட்டணுப் பை வாங்கிய மகன், கெட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். சிவப்பணுப் பைக்குக் குளிர் வேண்டும். தட்டணுப் பையை 20 முதல் 24 டிகிரியில், விடாமல் மெல்ல அசைத்துக்கொண்டே வைக்க வேண்டும்; ஐந்து நாள்தான் ஆயுள். குளிர்ந்தால் தட்டு வடிவம் போய் உருண்டையாகிவிடும்; ஏற்றினாலும் உடல் விரைவில் அப்புறப்படுத்திவிடும். நல்ல பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல அசைத்தால் பட்டு மினுங்குவதுபோல் சுழல் தெரியும். அந்தப் பையில் அது தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பையைக் கையில் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

டெங்குவில் இரத்தக்கசிவு இல்லாதபோது, பொதுவாக 10,000-க்குக் கீழே போகும்வரை தட்டணு ஏற்றுவதில்லை. 50,000 என்று கேட்டவுடன் பை தேடி அலையாதீர்கள். ஆபத்து பெரும்பாலும் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதில் இருக்கிறது. அது ஹீமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுவதில் தெரியும். காய்ச்சல் விட்டவுடன் வரும் இரண்டு நாள்களில்தான் இது நடக்கும், "காய்ச்சல் விட்டுவிட்டதே" என்று வீடு நிம்மதியடையும் அதே நாள்களில். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, கை கால் சில்லிடுதல், ஈறில் இரத்தம், சிறுநீர் குறைதல் என்று எதைக் கண்டாலும், எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டாம்.