எந்த மேக், எந்த செட்? பேக்கேஜ்சோர்ஸில் பில்ட் கருவிகளைப் பராமரிப்பது

எங்கள் அலுவலகத்தில் நெட்பிஎஸ்டி சர்வர்கள், உபுண்டு மெஷின்கள், டெவலப்பர்களின் மேக்புக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே பேக்கேஜ்சோர்ஸ் ட்ரீயிலிருந்துதான் பேக்கேஜ் தயாராகிறது. மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டி (பில்ட் செய்து) நிறுவத் தயாரான பேக்கேஜாக்கித் தரும் அமைப்புதான் பேக்கேஜ்சோர்ஸ். 1997-ல் ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸை அடிப்படையாக வைத்து நெட்பிஎஸ்டிக்காகத் தொடங்கியது இது. இன்று 20க்கும் மேற்பட்ட இயங்குதளங்களில் ஓடுகிறது. புதுப் பேக்கேஜ் சேர்ப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது அதற்கு அடியில் உள்ள வேலையைப் பற்றி: மேக் (பில்டை நடத்தும் கருவி, ஆப்பிள் கணினி அல்ல), செட், ஆக் (இரண்டும் உரையை மாற்றும் கருவிகள்), பெர்ல், பைசன் போன்றவற்றை எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வைப்பது.

பேக்கேஜின் மேக்ஃபைலில், அதாவது அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பில், யூஸ்_டூல்ஸ் என்றொரு வரி உண்டு. தேவையான கருவிகளை அதில் எழுத வேண்டும். பில்ட் தொடங்கியதும் வொர்க் டைரக்டரிக்குள் ‘.டூல்ஸ்/பின்’ உருவாகி, கேட்ட கருவிகளைச் சுட்டும் சிம்லிங்க்குகளும் குட்டி ஷெல் ஸ்கிரிப்டுகளும் அதில் வந்து உட்காரும். பாத்தில், அதாவது கட்டளைகளைத் தேடும் டைரக்டரி வரிசையில், சிஸ்டத்தின் டைரக்டரிகளுக்கு முன்னால் இது வரும். "என் மெஷினில் பில்ட் ஆகிறது, அவன் மெஷினில் ஆகவில்லை" என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்த டைரக்டரியைத்தான். இரண்டு மெஷினிலும் உள்ளே போய் நீளமான பட்டியல் எடுத்து, எந்த லிங்க் எங்கே போகிறது என்று ஒப்பிட்டால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம், கேட்காமலே கிடைக்கும் கருவிகள். ‘.டூல்ஸ்/பின்’னுக்குப் பின்னால் சிஸ்டத்தின் பாத்தும் இருக்கும் அல்லவா? எக்ஸ்எம்எல் கோப்புகளைச் சரிபார்க்கும் எக்ஸ்எம்எல்லின்ட்டை யூஸ்_டூல்ஸில் எழுத மறந்திருப்பார்கள். உபுண்டுவில் ஏற்கெனவே இருப்பதால் பில்ட் சத்தமில்லாமல் ஓடிவிடும். சில கருவிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பேக்கேஜ்-கான்ஃபிக் ஆகியவற்றை அறிவிக்காமல் கூப்பிட்டால், சிஸ்டத்தின் கருவிக்குப் பதிலாக பேக்கேஜ்சோர்ஸ் வைத்த ஒரு ஸ்கிரிப்ட்தான் பதில் சொல்லும். "கருவிதான் சிஸ்டத்தில் இருக்கிறதே, ஏன் எடுக்கவில்லை?" என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான். யூஸ்_டூல்ஸ் வரியில் அதைச் சேருங்கள், தீர்ந்தது.

அடுத்து, சிஸ்டத்தின் கருவியை எப்போது நம்புவது? பேக்கேஜ்சோர்ஸின் ‘எம்கே’ டைரக்டரிக்குள் உள்ள ‘டூல்ஸ்’ பகுதியில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. ஒரு கருவிக்குச் சிஸ்டத்தின் பாதையை அங்கே கொடுத்துவிட்டால் பேக்கேஜ்சோர்ஸ் அதையே எடுத்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் தானே பில்ட் செய்துகொள்ளும். பாதையைக் கொடுத்தால் நேரம் மிச்சம். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அந்த இயங்குதளத்தின் எல்லாப் பதிப்புக்கும் நீங்கள் உத்தரவாதம் கொடுக்கிறீர்கள். அதனால் நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பில் சோதித்த பிறகுதான் சேர்க்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக பில்ட் ஓடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதில் அதிகம் படுத்துவது மேக்ஓஎஸ்தான். ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தின் மூன்றாம் பதிப்பை ஆப்பிள் தவிர்ப்பதால், அது தரும் பாஷ் ஷெல் 3.2-லும், க்னூ மேக் 3.81-லும், பைசன் 2.3-லும் நின்றுவிட்டன. 2013-ல் வந்த க்னூ மேக் 4.0-ன் வசதிகளைப் பயன்படுத்தும் மென்பொருளை 3.81 படிக்கும்போது வரும் பிழைச் செய்தியைப் பார்த்தால் பதிப்புச் சிக்கல் என்றே தோன்றாது. பேக்கேஜில் ஜீமேக்_ரெக்டி (ஜீமேக் என்பது க்னூ மேக்தான்) என்ற மாறிக்கு 4.0 என்று கொடுங்கள். சிஸ்டத்தின் மேக்கை ஒதுக்கிவிட்டுப் புதியதைக் கட்டிக்கொள்ளும்.

செட் இன்னும் மோசம். கோப்பை அதே இடத்தில் மாற்ற ‘-ஐ’ போடுவது லினக்ஸ்காரர்களின் பழக்கம். மேக்ஓஎஸ்ஸின் செட் ‘-ஐ’க்கு அடுத்து வருவதைப் பேக்கப் கோப்பின் பின்னொட்டு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மாற்று விதி பின்னொட்டாகிவிடும். அதற்கடுத்து இருக்கும் ‘மேக்ஃபைல்’ என்ற பெயர் கட்டளையாகிவிடும். ‘இன்வேலிட் கமாண்ட் கோட் எம்’ என்று ஒரு பிழை வரும். அந்த ‘எம்’ எங்கிருந்து வந்தது என்று தேடாதீர்கள், கோப்புப் பெயரின் முதல் எழுத்துதான். இதற்கு இயங்குதள வாரியாக நிபந்தனை எழுத வேண்டாம். கோப்புகளில் உரையை மாற்றித் தரும் பேக்கேஜ்சோர்ஸின் சப்ஸ்ட் வசதிக்கு மாற்றினால் ‘-ஐ’ தேவையே இல்லை.

ஷெல் ஸ்கிரிப்டில் ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டிருப்பதும் இதே ரகம். பாஷ் ஏற்கும், உபுண்டுவின் ஷெல்லான டாஷ் ஏற்காது. பேக்கேஜ்சோர்ஸ் இதைக் கான்ஃபிகர் (மென்பொருளை மெஷினுக்கேற்ப அமைக்கும் கட்டம்) ஓடுவதற்கு முன்பே சோதித்து பில்டை நிறுத்திவிடும். சோதனையை ஸ்கிப் செய்யும் மாறி ஒன்று இருக்கிறது, ஆசைப்படாதீர்கள். ஒற்றைச் சமக்குறியாக்கி ஒரு பேட்ச் (திருத்தக் கோப்பு) போட்டு, மூல ஆசிரியருக்கும் அனுப்பிவிடுங்கள்.

புதுக் கருவி ஒன்றைச் சேர்ப்பதென்றால், மாறியின் பெயர் டிஃபால்ட்ஸ் கோப்பில், சார்பும் பாதையும் ரீப்ளேஸ் கோப்பில், சிஸ்டத்தில் கிடைக்கும் இடம் அந்தந்த இயங்குதளக் கோப்பில். ரீப்ளேஸ் கோப்பில் ஒவ்வொரு கருவியின் பத்தியும், இப்போது பில்ட் ஆவது அந்தக் கருவியின் பேக்கேஜேதானா என்ற கேள்வியோடு தொடங்குவதைக் கவனியுங்கள். அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் ஜீமேக்கைக் கட்ட ஜீமேக் வேண்டும் என்று வட்டமடிக்கும். பழைய பத்தியைக் காப்பி அடிப்பது நல்லதுதான், அந்த நிபந்தனைக்குள் இருக்கும் பேக்கேஜ் பாதையை மாற்ற மட்டும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் ஒரே மெஷினில் சோதித்துவிட்டுக் கமிட் செய்யாதீர்கள். எல்லாப் பேக்கேஜ்களையும் வரிசையாகக் கட்டும் பிபல்க் கருவி மூலம், வேறெதுவும் நிறுவப்படாத சுத்தமான சாண்ட்பாக்ஸில் மொத்த பில்ட் ஓட்டுங்கள். முன்பு சொன்ன எக்ஸ்எம்எல்லின்ட் மாதிரித் திருட்டுத்தனங்கள் அங்கேதான் மாட்டும். அறிக்கையில் தோற்ற பேக்கேஜ்களோடு, ஒவ்வொன்றும் வேறு எத்தனை பேக்கேஜ்களைத் தன்னோடு வீழ்த்தியது என்ற எண்ணும் இருக்கும். அகர வரிசையில் படிக்காமல் அந்த எண் பெரிதாக இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலும் மேலே இருக்கும் ஒன்றிரண்டைச் சரிசெய்தாலே பட்டியல் பாதியாகிவிடும்.

நேரமும் முக்கியம். பேக்கேஜ்சோர்ஸ் காலாண்டுக்கு ஒரு ஸ்டேபிள் கிளை வெளியிடுகிறது. அதற்குமுன் பெரிய மாற்றங்களை நிறுத்திவைக்கும் ஃப்ரீஸ் உண்டு. பெர்ல், ஜீமேக் மாதிரி ஊரே நம்பியிருக்கும் கருவிகளைக் கிளை பிரிந்த முதல் வாரத்திலேயே புதுப்பித்துவிட்டால், உடைவதைச் சரிசெய்ய முழுக் காலாண்டும் கையில் இருக்கும். அப்புறம், இயங்குதளக் கோப்பில் ஏதாவது கருவியை விலக்கினால் பக்கத்திலேயே கமென்ட் எழுதுங்கள்: எந்தப் பதிப்பில், என்ன பிழை, எந்தப் பேக்கேஜில் தெரிந்தது. அந்தப் பதிப்புக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் வரியைத் தேடி நீக்க அது வேண்டும்.