டைலில் ரத்த வகை பார்ப்பது எப்படி?

டைல் என்பது சிறு குழிகள் உள்ள வெள்ளைத் தட்டு. லேபில் சேர்ந்தவர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் சோதனை இது, சில நிமிடங்களில் முடிந்துவிடும், அதனாலேயே அலட்சியமும் சீக்கிரம் வந்துவிடும். சிவப்பணுவின் மேல் ஏ, பி என்ற ஆன்டிஜென்களில் (அணுவின் அடையாளப் பொருள்கள்) எது இருக்கிறதோ அதுதான் வகை. இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டும் இல்லாவிட்டால் ஓ. இல்லாத ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடி (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், ஏற்கெனவே இருக்கும். இதன் அடிப்படை, 1901இல் வியன்னாவில் மருத்துவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் வெளியிட்ட விஷயம்தான்.

1. ஊதா மூடி போட்ட ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் ரத்தம் எடுங்கள். பெயரையும் எண்ணையும் நோயாளியின் பக்கத்தில் நின்றே எழுதிவிடுங்கள். மேசைக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று குழாய்களைக் கையில் அள்ளிக்கொண்டு போனால், அப்புறம் எவ்வளவு கச்சிதமாகச் சோதித்தாலும் அது வேறொருவருடைய வகையாக இருக்கலாம்.

2. டைலில் மூன்று குழிகள். ஏ, பி, டி ஆன்டிஜென்களைக் கண்டுபிடிக்கும் ஆன்டிபாடி திரவங்களான ஆன்டி-ஏ (நீலம்), ஆன்டி-பி (மஞ்சள்), ஆன்டி-டி (நிறமற்றது), ஒவ்வொன்றிலும் ஒரு துளி. டி இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அதன் பக்கத்தில் ஒரு துளி ரத்தம்.

3. குழிக்கு ஒரு குச்சி என்று தனித்தனியாகக் கலக்குங்கள். டைலை மெல்லச் சாய்த்து ஆட்டி, இரண்டு நிமிடத்துக்குள் பாருங்கள். ஆன்டிஜென் இருந்தால் செங்கல்பொடியைத் தண்ணீரில் போட்டதுபோல் துகள் துகளாய்த் திரளும், இல்லாவிட்டால் ஒரே சீராகச் சிவப்பாக இருக்கும். நேரம் கடந்தால் ஓரம் காய்ந்து திரண்டதுபோலவே தெரியும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

4. ஆன்டி-ஏயிலும் ஆன்டி-டியிலும் திரண்டால் ஏ பாசிட்டிவ். டியில் மட்டும் திரண்டால் ஓ பாசிட்டிவ் என்று எழுதத்தான் கை போகும். பொறுங்கள்.

5. இப்போது தலைகீழ்ச் சோதனை: நோயாளியின் பிளாஸ்மாவை ஏற்கெனவே வகை தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு கலக்க வேண்டும். ஓ வகைக்காரரின் பிளாஸ்மா ஏ, பி அணுக்களைத் திரட்டும், ஓ அணுக்களை விட்டுவிடும். அவையும் திரண்டால் வேறு ஆன்டிபாடிகள் காரணமாக இருக்கலாம், பம்பாய் வகையாகவும் இருக்கலாம். 1952இல் மும்பையில் பெண்டேயும் சக மருத்துவர்களும் விவரித்த வகை அது. ஏ, பி இரண்டுக்கும் அடித்தளமான ஹெச் ஆன்டிஜெனே இவர்களிடம் இல்லை, அதனால் டைலில் அச்சு அசல் ஓ மாதிரியே இருப்பார்கள், ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து, பம்பாய் வகை ரத்தம்தான் வேண்டும். நோயாளியின் அணுக்களை ஆன்டி-ஹெச்சோடு கலந்தும் திரளவில்லையா? உடனே சீனியரைக் கூப்பிடுங்கள்.

'ஓ நெகட்டிவ் எல்லாருக்கும் ஏற்றலாம்' என்பது அவசரத்தில், அதுவும் சிவப்பணுவுக்கு மட்டும். பிளாஸ்மாவில் கணக்கு அப்படியே தலைகீழ்: அங்கே ஏபிதான் எல்லாருக்கும் போகும்.

6. வகை பொருந்தினாலும் கிராஸ்மேட்ச் (நோயாளியின் பிளாஸ்மாவைப் பையிலுள்ள அணுக்களோடு கலந்து பார்ப்பது) செய்யாமல் ரத்தப் பையை அனுப்பாதீர்கள். வார்டில் முதல் 15 நிமிடம் மெதுவாக ஏற்றி, பக்கத்திலேயே இருந்து கவனிப்பார்கள். குளிர், காய்ச்சல், முதுகுவலி என்று எது வந்தாலும் ஏற்றுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பையையும் புதிய சாம்பிளையும் உங்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். பழைய சாம்பிளையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும்.