சவுக்குத் தோப்பு காடாகாது

சென்னைக்கு வடக்கே எண்ணூர் தாண்டி காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் போகிறவர்கள் சவுக்குத் தோப்பைப் பார்த்ததும் "அப்பா, எவ்வளவு பெரிய காடு!" என்பார்கள். இந்தக் கரையில் மரம் நட வருகிறவர்களின் முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

தோப்புக்குள் இறங்கிப் பாருங்கள். காலடியில் பழுப்புச் சருகு மெத்தையாகக் கிடக்கும். கையால் விலக்கினால் வெறும் மணல். புல் பூண்டு இருக்காது. எல்லா மரமும் ஒரே வயது, நூல் பிடித்த மாதிரி வரிசை. நாலைந்து வருஷத்தில் மொத்தமாக வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். நம் தெருவில் சாரத்துக்கும் பந்தலுக்கும் நிற்பது அந்தக் கட்டைதான். மரத்தில் பொந்து விழவே காலம் கிடைக்காத இடத்தில் ஆந்தை எங்கே குடியிருக்கும்?

சவுக்கு நம் மண்ணின் மரமும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜினுக்கு விறகு வேண்டும் என்று சென்னை மாகாணக் கரையோரம் வளர்க்கத் தொடங்கியது.

இதைவிடப் பெரிய தவறு, மணல்மேட்டைத் தரிசு என்று நினைப்பது. என்னை மிகவும் வருத்துவது இதுதான். அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்ற கடலாமை இரவில் கரையேறி, பின்துடுப்பால் ஒன்றரை அடி குழி பறித்து, நூறு முட்டை போல இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அங்கே சவுக்கு வேர் பரவியிருந்தால் எப்படிப் பறிக்கும்? குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. நிழல் விழுந்தால் அந்தக் கணக்கும் மாறும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையில் பல இடங்களில் அலைக்கு வெகு அருகில் வரை சவுக்கை நட்டார்கள். ஆமைக்கு இருந்த மணல் சுருங்கியது.

சரி, சவுக்கு வேண்டாம், உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தை நடலாம் என்று, எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலையாற்றுச் சேற்றில் இறங்குகிறவர்களும் உண்டு. அலையாத்தி இங்கே பிறந்த மரம்தான். ஆனால் வெறும் சேற்றுத் திட்டும் வெற்றிடம் இல்லை. உள்ளான் பறவைகள் இரை தேடுவதும், இருளர் பழங்குடியினர் கையால் தடவி இறால் பிடிப்பதும் அங்கேதான். மரம் அழிந்த இடத்தில் நடுங்கள், திட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம், எல்லாத் தோட்டத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டத்தில் பறவைகள் ஓரளவு தங்கும். தேயிலை வேறு கதை: வால்பாறையில் தேயிலை சூழ்ந்த துண்டுக் காடுகளில் சிக்கிய சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க, மேலே கயிற்றுப் பாலம் கட்ட வேண்டியிருக்கிறது. பொன்னேரி பக்கம் ஒரு விவசாயி தன் பட்டா நிலத்தில் சவுக்கு போட்டால் அது பயிர், அதில் தப்பில்லை. அதன் வேர் முடிச்சு காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கவும் செய்யும்.

கடற்கரையில் குழி தோண்டும் முன் பக்கத்துக் குப்பத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள்: இங்கே முன்னால் என்ன இருந்தது, ஆமை எந்தப் பக்கம் ஏறும்?