பொதுநலத்தில் மனநிறைவையும் வழியையும் தேடுவது எப்படி?

கம்பம், போடி பக்கத்து ஊர்களில் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் சோர்ந்திருக்கும் இளைஞர்கள், "எனக்கு எது மகிழ்ச்சி தரும்?" என்ற கேள்வியைச் சில காலம் ஒதுக்கிவைத்து, "என் தெருவில் யாருக்கு என்ன குறை?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் திரும்புகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதுவரை வாசற்படியில் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து வாய்ப்பாடும் வாசிப்பும் சொல்லிக்கொடுங்கள். முதலில் தாய்மார்களின் சம்மதத்தைப் பெற்று, எல்லோரும் பார்க்கும்படி சமுதாயக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ தொடங்குவதே முறை. வாரத்தில் இரண்டு நாள் போதும். ஆனால் சொன்ன நாளில் கட்டாயம் போய்விட வேண்டும், ஏனெனில் காத்திருந்து ஏமாறும் பிள்ளைக்கு நம் நல்லெண்ணத்தால் எந்தப் பயனுமில்லை.

நன்றியை எதிர்பார்க்காதீர்கள். 1895-இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியதால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் நெல் இரு போகம் விளைகிறது; அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரை நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம், அந்தக் கட்டுமான வேலையின்போது காய்ச்சலில் மடிந்த கூலியாட்களின் பெயர்களோ நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள் என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

சில மாதங்கள் கழித்து, எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்று கவனியுங்கள். கற்பிப்பதா, மனு எழுதித் தருவதா, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதா என்பது தெளிவானதும், அதற்கேற்ற படிப்பையோ பணியையோ விசாரிக்கத் தொடங்குங்கள்.